மூன்று சத்தியங்கள்

(வட்டுக்கோட்டையில் வாசிகசாலை ஒன்றின் ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர் முடிந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவான ஒரு தேசிய அடையாளத்தை எப்படிக் கட்டியெழுப்புவது என்று பேசச் சொல்லிக் கேட்டார்கள். 2009 ஆம் ஆண்டிலிருந்து கொழும்பு ஹோட்டல் மண்டபங்களில் இந்தத் தலைப்பு ஓயவில்லை. அங்கே பேசுகிறவர்கள் தென்னாபிரிக்காவில் தொடங்கி ருவாண்டாவில் முடிப்பார்கள். நடுவில் தேநீர் இடைவேளை. நான் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இந்த வட்டுக்கோட்டையிலேயே வேண்டிய அளவு சங்கதி கிடக்கிறது.

1915 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் திகதி இந்த ஊரில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. தகப்பனாருக்கு மலாயாவில் தொழில். தாயார் பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்கு வந்திருந்தார். கைக்குழந்தையோடு மறுபடி கப்பலேறிப் போனார். செரம்பானில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் சின்னத்தம்பி இராஜரத்தினம், சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சர். அவர் பிறப்பதற்குப் பதினேழு வருடம் முந்தி, அதே மலாயாவில், ஈப்போவில், யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் இன்னோர் ஆண்குழந்தை பிறந்தது. அது எதிர்த் திசையில் கப்பலேறி வந்து தெல்லிப்பழையில் வளர்ந்தது. அவர் சா. ஜே. வே. செல்வநாயகம்.

இங்கே பிறந்து அங்கே வளர்ந்தவர் 1966 இல் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கொடியின் முன் சொல்கிற தேசிய உறுதிமொழியை எழுதினார். அங்கே பிறந்து இங்கே வளர்ந்தவர் 1976 மே 14 ஆம் திகதி, இங்கிருந்து சைக்கிளில் கால் மணி நேரத்தில் போகக்கூடிய பண்ணாகத்தில், தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். கிரகம், விதி என்று கதைக்க இதைச் சொல்லவில்லை. "தமிழருக்குப் பிரிவினை இரத்தத்தில் ஊறியது" என்று தெற்கிலும், "எங்கள் சனத்துக்கு மற்றவரோடு ஒன்றாக வாழ ஏலாது" என்று இங்கேயும் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் இந்த இரண்டு கப்பல் பயணங்களும் பதில். ஒரே மண்ணின் மனிதர்கள்தான். போய்ச் சேர்ந்த அரசுகள் அவர்களை நடத்திய விதம் வேறு.

சிங்கப்பூர்க் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1964 இல் அங்கே மலாயருக்கும் சீனருக்கும் இடையில் இரண்டு தடவை கலவரம் மூண்டது. 36 பேர் இறந்தார்கள். மறு வருடம் ஓகஸ்ட் 9 ஆம் திகதி மலேசியாவிலிருந்து அந்தத் தீவு பிரிந்தது. அடுத்த பெப்ரவரியில், பாடசாலைகளில் சொல்வதற்கு ஓர் உறுதிமொழி வேண்டுமென்று கல்வியமைச்சர் கேட்டபோது இராஜரத்தினம் எழுதிக் கொடுத்தார். லீ குவான் யூ அதைத் திருத்தினார். இனம், மொழி, மதம் எதுவாக இருந்தாலும் நாங்கள் ஒரே சனம் என்பது அதன் சாரம். நாலு மொழியில் சொல்லலாம், தமிழ் அதிலொன்று.

இவ்வளவோடு நிறுத்தினால் அது நல்ல வாசகம் மட்டுமே. நான் பார்ப்பது அந்த வாசகத்துக்குப் பின்னால் அரசு எதை வைத்தது என்பதை. சனத்தொகையில் நாலில் மூன்று பங்கு சீனர். ஆனால் தேசிய மொழி மலாய், தேசிய கீதமும் மலாய். ஏழிலொரு பங்கு அளவான சிறுபான்மையின் மொழியில் பெரும்பான்மை எழுந்து நின்று பாடுகிறது. இந்தியர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, நோட்டிலும் இருக்கிறது. மலாயரின் தனி நிலை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1988 இல் குழுத் தொகுதி முறை வந்தது. அந்தத் தொகுதிகளில் சிறுபான்மை வேட்பாளர் இல்லாமல் ஒரு கட்சி போட்டியிடவே முடியாது. 1989 இல் அரசாங்க அடுக்குமாடிகளில் இனவாரியாக உச்ச அளவு வைத்தார்கள். ஒரே இனம் ஒரே கட்டிடத்தில் குவிய விடவில்லை. இனத்தைப் பார்க்க மாட்டோம் என்று காலையில் பிள்ளைகள் சொல்ல, இனத்தைக் கணக்கெடுத்துக் கணக்கெடுத்தே பகல் முழுக்க அரசு நடந்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. வாக்குக் கொடுத்தவன் அதைக் காப்பாற்றச் செலவழிக்கிறான், அவ்வளவுதான்.

அந்தச் செலவில் கசப்பானதும் உண்டு. 1963 பெப்ரவரியில் ஒரே நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்ட இடதுசாரிகளையும் தொழிற்சங்கத்தினரையும் பிடித்து விசாரணையின்றி அடைத்த அரசாங்கத்தில் இராஜரத்தினமும் அமைச்சர். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. சிங்கப்பூரைக் காட்டி "எங்களுக்கும் ஒரு லீ குவான் யூ வேண்டும்" என்று நம்மவர்கள் பெருமூச்சு விடும்போது இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். விசாரணையில்லாத் தடுப்புக்காவலின் ருசி நமக்குத் தெரியாததா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009 இல் அந்த உறுதிமொழியைப் பற்றி அங்கே பாராளுமன்றத்தில் வாதம் வந்தபோது, அது அடைய விரும்பும் நிலை, அடைந்துவிட்ட நிலையல்ல என்ற பொருளில் லீயே எழுந்து சொன்னார். எழுதி நாற்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு!

சிங்கப்பூர் உறுதிமொழி முதல் சத்தியம். இரண்டாவது சத்தியம் இந்தியாவில். 1963 இல் இந்திய அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்கிறவர்கள் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். இது திராவிட முன்னேற்றக் கழகத்தைக் குறிவைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அண்ணாதுரை திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார். பயந்துவிட்டார் என்று அப்போது சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சத்தியத்துக்கு அப்பால் ஒரு வழி திறந்திருந்தது. 1956 இலேயே மொழிவாரி மாநிலம் கிடைத்திருந்தது. 1965 இல் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர் தெருவுக்கு வந்து உயிரும் கொடுத்தார்கள். 1967 இல் கழகம் வாக்கால் ஆட்சியைப் பிடித்தது. 1968 இல் இருமொழிக் கொள்கை. 1969 ஜனவரி 14, தைப்பொங்கலன்று, மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. பிரிவினை கேட்டவர்களே அரை நூற்றாண்டாக டெல்லி அரசாங்கங்களைத் தூக்கி நிறுத்தவும் இறக்கி வைக்கவும் செய்கிறார்கள். அதே சத்தியம் காஷ்மீரில் என்ன செய்தது என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே சத்தியத்துக்கு அப்பால் இருந்த வழியை டெல்லி தானே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது.

மூன்றாவது சத்தியம் நம்முடையது. 1983 ஜூலை 24 இல் தொடங்கிய வன்முறையை இந்தச் சபைக்கு விவரிக்கத் தேவையில்லை. கொழும்பில் பல்லாயிரம் தமிழர் பாடசாலைகளிலும் இரத்மலானை விமானத் திடலிலும் கிடந்தார்கள். கப்பல் கப்பலாகக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். அந்த நாட்களில், ஓகஸ்ட் 4 ஆம் திகதி, பாராளுமன்றம் கூடி ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன், ஊக்குவிக்க மாட்டேன், அதற்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று பாராளுமன்ற உறுப்பினர் முதல் அரசாங்க உத்தியோகத்தர் வரை சத்தியம் செய்ய வேண்டும். வீடு எரிந்தவனிடம், எரித்தவனைத் தேடுவதற்கு முன்னால், விசுவாசப் பத்திரம் கேட்டார்கள். 1977 தேர்தலில் மக்கள் தெரிவுசெய்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். வாக்குப்பெட்டியில் நம்பிக்கை வைத்திருந்த தலைமுறையைச் சபையை விட்டு அனுப்பியது அந்தச் சட்டம். பிறகு யார் பேசினார்கள், எதனால் பேசினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்தத் திருத்தம் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. இந்த மண்டபத்தில் உள்ள ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களில் பலர் அந்தத் தாளில் கையெழுத்து வைத்திருப்பீர்கள். வைத்த மறுநாள் காலை எத்தனை பேருக்கு இலங்கையர் என்ற உணர்வு ஒரு பிடி கூடியது? சிரிக்கிறீர்கள். ஆனால் போருக்குப் பிறகும் அரசின் நல்லிணக்கப் பேச்சில் பாதி இந்தத் தாளின் தொடர்ச்சிதான்: கொடியேற்று, கீதம் பாடு, ஒரே நாடு என்று சொல். கொடுக்க வேண்டியதைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் பிறகு பார்ப்போம்.

சிங்கப்பூரிலும் சத்தியம், சென்னையிலும் சத்தியம், இங்கேயும் சத்தியம். வாங்கிய அரசு பதிலுக்கு எதைக் கீழே வைத்தது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. நமக்கு 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் வந்தது. அதுவும் அயல்நாடு வந்து கையைப் பிடித்த பிறகு. தமிழும் ஆட்சிமொழி என்ற வரி அதில்தான் ஏறியது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தால் எடுத்ததைத் திருப்பி எழுத முப்பத்தொரு வருடம். வட மாகாணம் தனியாகத் தேர்ந்தெடுத்த மாகாண சபை இதுவரை ஒன்றே ஒன்று: 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை. காணி, பொலிஸ் அதிகாரங்கள் தாளிலேயே இருக்கின்றன.

இப்போது நூறு வருடம் பின்னே போகிறேன். இந்த மூன்று சத்தியங்களுக்கும் முந்தி, யாரும் கேட்காமலே பொதுநாடு ஒன்றைக் கற்பனை செய்தவர்கள் இங்கே இருந்தார்கள். 1924 இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. பிறகு அது வாலிபர் காங்கிரஸ் ஆனது. அதன் மூச்சு யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த ஹன்டி பேரின்பநாயகம். கூட இருந்தவர்களில் பலரும் பள்ளிக்கூட வாத்திமார்தான். ஒரேடர் சுப்பிரமணியம் என்ற பெயர் கந்தரோடைப் பக்கத்தில் இன்னும் சொல்லப்படுகிறது. 1926 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியிருந்த இளம் பண்டாரநாயக்கவை அழைத்து இங்கே பேச வைத்தார்கள். அவர் பேசிய பொருள் சமஷ்டி. ஆம், அதே பண்டாரநாயக்க. 1927 நவம்பரில் காந்தி வந்தது அவர்களுடைய அழைப்பில். ஆனந்தா கல்லூரி அதிபர் குலரத்ன போன்ற தென்னிலங்கையரைத் தங்கள் மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள்.

என்னை ஈர்ப்பது அவர்கள் தெற்கிடம் கேட்டதை விட, யாழ்ப்பாணத்திடம் கேட்டதுதான். பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க வேண்டும், சிங்களமும் படிக்க வேண்டும் என்றார்கள். யாரும் சட்டம் போட்டு மிரட்டாத காலத்தில் சொன்னது அது. சாதி பாராமல் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் இது சிறிய விஷயமல்ல. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்கள் இருந்தார்கள். வைத்தது இராணுவமும் அல்ல, சிங்களவரும் அல்ல. நூலகம் எரிந்த 1981 ஐ வருடந்தோறும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். 1930 ஐ ஒட்டி எரிந்த அந்த ஓலைக் கொட்டில்களுக்கு நினைவு நாள் கிடையாது.

1931 இல் காங்கிரஸ் ஒரு பெரிய துணிச்சல் செய்தது. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுதந்திரம் தரவில்லை என்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நாலு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் போடவில்லை. இலங்கை முழுவதற்குமான சுதந்திரத்துக்காக யாழ்ப்பாணம் தன் ஆசனங்களை வெறுமையாக விட்டது. தெற்கு கைதட்டியது, கூட வரவில்லை. மூன்று வருடம் அந்த நாலு ஆசனங்களும் காலியாகக் கிடந்தன. 1934 இடைத்தேர்தலில் பருத்தித்துறையில் வென்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். அதற்குப் பிறகு அரசியல், சிங்களவருக்குப் பாதி ஆசனம், மற்றவர் எல்லாருக்கும் பாதி என்ற ஐம்பதுக்கு ஐம்பது கணக்குக்குப் போயிற்று. பேரின்பநாயகம் காலமானது 1977 இல். செல்வநாயகமும் அதே வருடம். இரண்டு பேரும் கேட்டவை இரண்டும் அந்த வருடம் ஓகஸ்டில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்முறையில் அடிபட்டன.

அவர்கள் தோற்றார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகிஷ்கரிப்பு பிழையான தந்திரம் என்ற விமர்சனத்தில் நியாயமும் உண்டு. களத்தை விட்டு விலகி நின்றால் மற்றவன் விளையாடி முடிப்பான். ஆனால் அவர்கள் கையாண்ட முறை எனக்கு முக்கியம். பொதுநாடு வேண்டும் என்றவர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பந்தியைத் திருத்தத் தொடங்கினார்கள். பண்ணாகத்துத் தீர்மானத்தையும் முழுதாக வாசித்துப் பார்க்கச் சொல்லி இளம் பிள்ளைகளைக் கேட்கிறேன். வாசிக்காமலே அதைக் கொண்டாடுகிறார்கள், வாசிக்காமலே திட்டுகிறார்கள். சாதி ஒழிப்பு, தீண்டாமை தண்டனைக்குரிய குற்றம், மதச்சார்பின்மை, அங்கே வாழும் சிங்களச் சிறுபான்மையின் மொழியுரிமை எல்லாம் அதில் உண்டு. எழுதிய கையில் வாலிபர் காங்கிரஸின் மை கொஞ்சம் ஒட்டியிருந்தது. மலையகத் தலைவர் தொண்டமானோ தனிநாட்டுக் கோரிக்கையிலிருந்து விலகி நின்றார். இந்தியத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோன கேள்வியில் 1949 இல் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்துதான் செல்வநாயகம் தமது அரசியலையே தொடங்கினார். அவருடைய கடைசிப் பெரிய தீர்மானத்தில் அந்த மலையகத்துக்கு இடம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

இன்றைய நிலைக்கு வருகிறேன். ஒரு தமிழருக்கு இலங்கையர் என்ற நினைப்பு வருவதும் போவதும் பெரிய மாநாடுகளில் அல்ல. பொலிஸ் நிலையத்து மேசையில். அவர் முறைப்பாடு சொல்கிறார் தமிழில், பொலிஸ்காரர் எழுதுகிறார் சிங்களத்தில், கீழே கையெழுத்து வை என்கிறார். என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் கையெழுத்து வைக்கிற குடிமகன் எந்த நாட்டுக் குடிமகன்? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வைத்தே நீண்ட சிறைத்தண்டனை பெற்ற மட்டக்களப்பு இளைஞர் ஒருவரின் வழக்கு ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு வரை போனது. 2004 இல் அந்தக் குழு அரசின் மீது பிழை கண்டது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. கீதத்தைத் தமிழில் பாட விடுங்கள் என்று கேட்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பண்டிதர் நல்லதம்பி தமிழில் ஆக்கிய கீதம் 2016 பெப்ரவரி 4 ஆம் திகதி காலிமுகத் திடலில் ஒலித்தபோது மனம் இளகியவர்களில் நானும் ஒருவன். நாலு வருடம் கழித்து, 2020 சுதந்திர தினத்தில், அது பாடப்படவில்லை. யார் ஆட்சியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து வந்து போகிற பாட்டு பிறகு கிடைக்கட்டும். பொலிஸ் மேசையில் தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை முதலில் கிடைக்கட்டும்.

காணியைப் பற்றி நீட்டிப் பேசவில்லை, வலிகாமம் வடக்குச் சனம் இங்கே இருக்கிறீர்கள். 1990 இல் விட்டுப் போன வளவுகளில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க 2013 இல், போர் முடிந்து நாலு வருடத்தில், அறிவித்தல் ஒட்டினார்கள். கணிசமான பகுதி பிறகு விடுபட்டது; மிச்சம் இருக்கிறது. தையிட்டியில் தனியார் காணியில் விகாரை எழும்பியிருக்கிறது, போயா தினங்களில் காணிக்காரர் போய் வாசலில் நிற்கிறார்கள். நயினாதீவில் அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரே தீவில் காலங்காலமாக இருக்கின்றன. குறிகட்டுவானில் இரண்டு பக்தரும் ஒரே படகில் ஏறுகிறார்கள். புத்தரோடு யாழ்ப்பாணத்துக்கு வழக்கில்லை. உறுதி இல்லாத காணியில் கட்டியவரோடுதான் வழக்கு.

செம்மணியைச் சொல்லாமல் போக முடியாது. 1998 இல், பாடசாலை மாணவி ஒருவரின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று, அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். 1999 இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் வெளிவந்தன. கால் நூற்றாண்டு கழித்து, 2025 இல், பக்கத்துச் சித்துப்பாத்தி மயானத்தில் மண் எடுத்தபோது எலும்புகள் தென்பட்டு, நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் 200 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. குழந்தைகளும் அதில் உண்டு.

இந்த இடத்தில்தான் தெற்கோடு நமக்கு உண்மையான ஒரு பொதுமை இருக்கிறது என்று நினைக்கிறேன். 1984 இல், பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைத் தேடி யாழ்ப்பாணத் தாய்மார் அன்னையர் முன்னணி அமைத்தார்கள். ஆறு வருடத்தின் பின், ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கிய காலத்தில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் மாத்தறையில் அதே பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2012 இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150 க்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிவந்தன. எந்தக் காலத்தவை என்ற தகராறிலேயே அந்த விசாரணை முடங்கியது. செம்மணித் தாயும் மாத்தளைத் தாயும் ஒரே அரசிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கொடியின் கீழ் நிற்க வைத்து உண்டாக்க முடியாத உறவு இது. ஆனால் எந்த அரசும் இதை வளர்க்க விரும்பவில்லை, காரணம் தெளிவு: இந்த உறவு வளர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே.

2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பிடித்தது. தெற்கின் கட்சி ஒன்று இங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. "யாழ்ப்பாணம் இலங்கையராகிவிட்டது" என்று கொழும்பில் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்து உள்ளூராட்சித் தேர்தலில் வாக்கு மறுபடி தமிழ்க் கட்சிகளின் பக்கம் சாய்ந்தது; "யாழ்ப்பாணம் மறுபடி மாறிவிட்டது" என்றார்கள். ஒன்றும் மாறவில்லை. நம்முடைய கட்சிகளின் சண்டையில் சலித்த சனம் ஒரு தடவை வேறு கடையில் விலை கேட்டுப் பார்த்தது. அந்தக் கட்சியின் மூல அமைப்பான ஜே.வி.பி. 2006 இல் வடக்குக் கிழக்கு இணைப்பைப் பிரிக்க வழக்குப் போட்டு வென்றது என்பதும் சனத்துக்குத் தெரியும். தெரிந்தும் வாக்குப் போட்டார்கள். விலை சரியாக இருந்தால் வாங்கத் தயார் என்பதற்கு அதைவிடத் தெளிவான செய்தி ஜனாதிபதிக்கு வேண்டுமா?

இனி, கொழும்பிடம் கேட்கத் தேவையில்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது 30 ஆம் திகதி நடந்தது. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நகைகளையும் காசையும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவில், வலிகாமத்துச் சனம் அத்தனையும் மழையில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அந்த இரண்டாவது இரவைப் பற்றி நம்மிடம் எத்தனையோ கதைகளும் கவிதைகளும் உண்டு. முதலாவதைப் பற்றி, எழுதிய ஒருசிலரைத் தவிர, நம் வீடுகளில் கதையே இல்லை. யாரும் கேட்டால், "நாங்களா செய்தோம், இயக்கம் செய்தது" என்கிறோம். தெற்கில் சாதாரண சிங்களவர் 1983 பற்றி இதே பதிலைச் சொல்லும்போது நாம் ஏற்றுக்கொள்வதில்லை.

வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் சோனகத் தெருவுக்கும் ஒஸ்மானியா வட்டாரத்துக்கும் திரும்பி வந்திருக்கிறார்கள். இன்னும் பலர் புத்தளத்தில். பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கேயே கல்யாணமும் கட்டிவிட்டார்கள். வந்தால் இருக்கக் காணி இல்லை. ஒரு குடும்பம் விட்டுப் போன வளவில் இன்று மூன்று குடும்பம். பதிவு எங்கே, வாக்கு எங்கே, வீட்டுத் திட்டத்துக்குத் தகுதி உண்டா இல்லையா என்று கந்தோருக்குக் கந்தோர் அலைய வேண்டியிருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உத்தியோகத்தர் தமிழர். தமிழில்தான் பேசுகிறார், ஆனாலும் அந்த மேசையில் அவர்களுக்குக் கிடைக்கிற அனுபவம் வடக்குத் தமிழருக்குப் பொலிஸ் மேசையில் கிடைப்பதிலிருந்து எவ்வளவு தூரம்?

மாநகர சபையும் பிரதேச சபைகளும் இப்போது பெரும்பாலும் தமிழ்க் கட்சிகளின் கையில் இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் நம்முடைய பிள்ளைகளே உத்தியோகத்தில் இருக்கிறார்கள். திரும்பி வர விரும்புகிற குடும்பங்களின் பட்டியலைத் தயாரிக்க, பெருகிய குடும்பங்களுக்குக் காணி தேட, ஒக்டோபர் 30 ஐ மாநகர சபையின் பெயரில் நினைவுகூர, மன்னிப்பை ஒரு தீர்மானமாக எழுதிச் சபையில் வாசிக்க, ஆறாவது திருத்தமும் தடையில்லை, பதின்மூன்றாவது திருத்தமும் தேவையில்லை. அடுத்த சபைக் கூட்டத்துக்கு முந்தி உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டு கேளுங்கள். இங்கே முன்வரிசையிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நான் கேட்கப் போகிறேன்.